உளநோயும் இல்லத்தாரும்

காய்ச்சல் கண்ட மகனை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், சித்தம் கலங்கிய மகனை மட்டும் ஆண்டுக்கணக்காய் உள்ளறையில் மறைத்து வைப்பது ஏன்? அச்சம் ஒன்று; நாணம் மற்றொன்று. வீட்டில் மணமாகாத பெண் இருப்பின் அந்நாணம் இருமடங்காகும். செய்வினை என்பாரும், தீய ஆவி என்பாரும், கலியாணம் முடித்தால் தெளியும் என்பாரும் நாளைக் கழிக்க, நோய் வேரூன்றுகின்றது. இவற்றுள் கடைசிக் கூற்றே மிகக் கொடிது. ஏதுமறியாப் பெண்ணொருத்தியை அது பலியிடுகின்றதன்றோ?

நாம் ஈண்டுக் கருதுவது மனச்சிதைவு என்னும் நோயை. பெரும்பாலும் இளமையிலேயே இது தலைகாட்டும். பேசுவாரின்றியே குரல்கள் கேட்கும்; பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாகத் தோன்றும்; உறக்கம் கெடும். தாம் நோயுற்றிருப்பதை உணராமையும் பலரிடத்து இந்நோயின் கூறேயாகும்; ஆகலின் அவர் மருந்தை மறுப்பதைப் பிடிவாதமெனல் தகாது. மருத்துவமின்றிக் கழியும் காலம் நீள நீளக் குணமடைதல் கடினமாகும் என்பது ஆராய்ந்தோர் கண்ட உண்மை.

சோற்றில் நஞ்சு கலந்துள்ளது என்பாரோடு வாதிடுதல் வீண். ஆமென்று தலையசைத்தலும் தீது. “தம்பி, நீ அஞ்சுவது தெரிகிறது; நான் முதலில் உண்கிறேன்” என்பது மேல். சிலர் மாத்திரையைக் குழம்பில் மறைத்துக் கலப்பர். அஃது வெளிப்படும் நாளில், நஞ்சென்ற ஐயம் அவர்க்கு மெய்யாகிவிடுமே! மனநோய்க்கு மருத்துவரிடம் வர மறுப்பவர், உறக்கமின்மைக்கு மருந்து பெற வர இசைவதுண்டு. அதற்கும் இசையாவிடின், இல்லத்தாருள் ஒருவர் தனியே சென்று வழி கேட்கலாம். ஓயாது குறைகூறும் வீட்டில் நோய் மீண்டும் தாக்குதல் மிகுதி என்பதை இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் ஆய்ந்து காட்டினர்.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றிற்று. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வகையிலும் விலக்கியுள்ளது. தமக்கோ பிறர்க்கோ ஊறு விளையும் நிலையில், நோயாளர் இசையாவிடினும், மனநல மருத்துவர் ஒருவரும், மருத்துவரோ மனநல வல்லுநரோ ஆகிய மற்றொருவரும் தனித்தனியே ஆராய்ந்தபின் மருத்துவமனையிற் சேர்க்க அச்சட்டமே வழி வகுக்கின்றது.

ஏர்வாடியைச் சுட்டும் நம்மவர், நம் ஜெபவீடுகளையும் நினைத்தல் நலம். மாற்கு சுவிசேஷத்தில், கல்லறைகளிடையே சங்கிலியை முறித்துத் திரிந்தவன் புத்தி தெளிந்தபின் இயேசுவோடு வர வேண்டினான். அவரோ அவனைத் தன் வீட்டாரிடத்திற்கே அனுப்பினார். ஜெபிப்போர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல அங்கே இடமேது?

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்தில் உறவினர் ஒருவரும் நோயாளரோடு உடன் தங்குவர். மருந்தின் பயனையும், நோய் திரும்புதலின் முன்குறிகளையும் அங்கேயே கற்பர். தொலைவிலுள்ளோர்க்கு 2022 முதல் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண் உண்டு. காவலிருந்து களைத்த தாயும் தன்பொருட்டு அவ்வெண்ணை அழைக்கலாம்.