எட்டு ஆண்டு பேசாத சிறுவன்!

குழந்தைகளே, "தி லயன் கிங்" படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் குட்டிச் சிங்கம் சிம்பாவின் அப்பா முஃபாஸாவின் குரல் நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் பார்த்தவர்களால் அதை மறக்கவே முடியாது. மகனைக் கண்டிக்கும்போது கம்பீரம். தட்டிக் கொடுக்கும்போது கனிவு!

"ஸ்டார் வார்ஸ்" படங்களைப் பார்த்தவர்களுக்கு, தலை முதல் கால் வரை கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த டார்த் வேடரைத் தெரிந்திருக்கும். அவன் பேசினாலே உடம்பு சில்லிட்டுப் போகும்.

அந்த அன்பான அப்பாவுக்கும் இந்தக் கொடிய வில்லனுக்கும் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் ஒரே மனிதர்தான். அவர் பெயர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். அமெரிக்காவின் புகழ்பெற்ற நாடக, திரைப்பட நடிகர்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். இடி முழங்குவது போன்ற அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், சிறுவனாக இருந்தபோது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை! காரணம், அவருக்குத் திக்குவாய்.

தாத்தா வளர்த்த பிள்ளை

ஜேம்ஸ் 1931ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தில் அர்காபட்லா என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளியில் சேர முடியாது. பேருந்தில்கூட அவர்களுக்குத் தனி இருக்கைதான்.

அப்பா ராபர்ட் ஏர்ல் ஜோன்ஸ், மகன் பிறந்த சமயத்திலேயே குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டார். அம்மாவும் வேலை தேடி வெளியூர்களுக்குப் போக வேண்டியிருந்தது. எனவே, அம்மாவைப் பெற்ற தாத்தா ஜான் ஹென்றி கானலியும் பாட்டி மேகியும்தான் ஜேம்ஸை வளர்த்தார்கள்.

ஜேம்ஸுக்கு ஐந்து வயது இருக்கும்போது அந்தக் குடும்பம் வடக்கே மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தாத்தா ஒரு பண்ணை வைத்தார். பிறந்த ஊரைவிட்டு, பழகிய மண்ணைவிட்டு வந்தது சிறுவனின் மனத்தை மிகவும் வாட்டியது. அந்தச் சமயத்தில்தான் அவன் பேச்சு திக்கத் தொடங்கியது.

தேவாலயத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் அவன் எழுந்து பாடம் வாசிப்பான். சொல் வராது. முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு நாள் அவன் முடிவு செய்தான்: இனிமேல் பேசுவதில்லை!

வீட்டில் தேவைக்கு ஓரிரு சொற்கள். பண்ணையில் இருந்த ஆடு மாடுகளோடும் கோழிகளோடும் மட்டும் தாராளமாகப் பேசுவான். அவை சிரிக்காது அல்லவா? பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதிலை எழுதிக் காட்டுவான். இப்படியே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடின. இந்த மௌனத்துக்கு நடுவிலேயே அவனுக்குக் குரல் உடைந்து, ஆழமான ஆண் குரலாக மாறியது. ஆனால், அதைக் கேட்க யாரும் இல்லை.

ஒரு பழமும் ஒரு கவிதையும்

உயர்நிலைப் பள்ளியில் ஜேம்ஸுக்கு டொனால்டு கிரவுச் என்ற ஆசிரியர் கிடைத்தார். கவிதை என்றால் அவருக்கு உயிர். பேசாத இந்த மாணவன் யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதுகிறான் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். குளிர் மிகுந்த மிச்சிகனில் பழங்கள் அரிது. அப்போது தென்கோடியில் உள்ள ஃபுளோரிடா மாநிலத்திலிருந்து அரசு ரயிலில் கிரேப்ஃபுரூட் பழங்களை அனுப்பி வைத்தது. நம் பம்பளிமாஸுக்கு உறவுக்காரப் பழம் அது. குளிர்காலத்தில் கிடைத்த அந்தச் சுவையில் மயங்கிப்போன ஜேம்ஸ், அதைப் பற்றியே ஒரு கவிதை எழுதினான். லாங்ஃபெலோ என்ற அமெரிக்கக் கவிஞரின் "ஹயவாதா" என்ற நெடுங்கவிதையின் சந்தத்தில் அதை அமைத்திருந்தான்.

ஆசிரியர் கவிதையைப் படித்தார். பிறகு ஒரு தந்திரம் செய்தார். கவிதை மிக நன்றாக இருக்கிறது. இதை நீயேதான் எழுதினாய் என்று எப்படி நம்புவது? நீ எழுதியது உண்மையானால், வகுப்பின் முன்னால் நின்று பார்க்காமல் சொல் பார்க்கலாம் என்றார்.

ஜேம்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. திக்கினால் சிரிப்பார்கள் என்ற பயம் ஒருபுறம். தன் சொந்தக் கவிதையைத் திருட்டுக் கவிதை என்று நினைத்துவிடுவார்களே என்ற வேதனை மறுபுறம். வேதனைதான் ஜெயித்தது. எழுந்து முன்னால் போய் நின்றான். சொல்லத் தொடங்கினான்.

ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை!

வகுப்பே திகைத்துப் போனது. எல்லோரையும்விட அதிகம் திகைத்தவன் ஜேம்ஸ்தான். அன்று முதல் ஆசிரியர் அவனை விடவில்லை. தினமும் வகுப்பில் கவிதை வாசிக்க வைத்தார். பேச்சுப் போட்டிகளுக்கும் விவாதங்களுக்கும் அனுப்பினார். பேசப் பயந்து ஒளிந்த பையன், பள்ளியை முடிப்பதற்குள் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் அளவுக்கு முன்னேறினான்.

கவிதை மட்டும் ஏன் திக்கவில்லை?

இது மாயமந்திரம் இல்லை. திக்கிப் பேசும் பலருக்குப் பாடும்போது திக்குவதில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்குவது மிகவும் குறைந்துவிடும். சந்தத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. அடுத்த சொல் எப்போது விழ வேண்டும் என்பதை அந்தத் தாளமே சொல்லிக் கொடுத்துவிடும்.

திக்குதல் ஒரு நோய் அல்ல. அறிவுக் குறைவும் அல்ல. மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகள் வேலை செய்யும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. பயமும் பரபரப்பும் அதைக் கூட்டும். சிறு வயதில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நீடிக்கிறது.

ஜேம்ஸுக்கும் முற்றிலும் போய்விடவில்லை. கடைசி வரை தாம் திக்குபவர்தான் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி வந்தார். எந்தச் சொல் தடுக்கும், எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பேசினார். அந்த நிதானம்தான் அவர் பேச்சுக்கே தனி அழகாக அமைந்தது.

தச்சரும் நடிகரும்

மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் ஜேம்ஸ். ஆனால், மனம் நாடகத்தின் பக்கம் இழுத்தது. படிப்பை மாற்றிக்கொண்டார். ராணுவத்தில் அதிகாரியாகவும் சில காலம் பணிபுரிந்தார். மனிஸ்டி என்ற ஊரின் நாடக அரங்கில் தச்சு வேலை செய்து மேடை அமைத்தார். அங்கேயே நடிக்கவும் கற்றார்.

பிறகு நியூயார்க் நகரம். தம்மை விட்டுப் போன அப்பாவை அங்கே சந்தித்தார். அப்பாவும் நடிகராக இருந்தார்! இருவரும் பிற்பாடு சேர்ந்து நடித்ததும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காக ஜேம்ஸ் கட்டடங்களில் தரை துடைக்கும் வேலையும் செய்தார்.

1958ஆம் ஆண்டு, "கார்ட்" என்ற அரங்கில் "சன்ரைஸ் அட் காம்போபெல்லோ" என்ற நாடகம். போலியோவால் கால்கள் செயலிழந்தும் மனம் தளராமல் பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட்டின் கதை அது. ஜேம்ஸுக்குப் பணியாளர் வேடம். உணவு தயார் என்று எஜமானியம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த வசனம் "மிசஸ் ரூஸ்வெல்ட்" என்று தொடங்கியது. அவருக்கோ "ம" வரிசை எழுத்துதான் தடுக்கும்! மேடையில் அந்த முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. எப்படியோ சமாளித்துச் சொல்லி முடித்தார். அதற்காக நடிப்பை விட்டுவிடவில்லை. இந்த அரங்கத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.

புகழின் படிகள்

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் அவரைப் பார்த்த இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், தமது "டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்" படத்தில் வாய்ப்பளித்தார். 1964இல் வெளியான அதுதான் ஜேம்ஸின் முதல் திரைப்படம்.

1968இல் "தி கிரேட் வைட் ஹோப்" நாடகத்தில் குத்துச்சண்டை வீரராக நடித்தார். ஹெவிவெயிட் பிரிவில் உலக சாம்பியனான முதல் கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சனின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. நாடக உலகின் உயர்ந்த விருதான டோனி விருது கிடைத்தது. அதே கதை 1970இல் திரைப்படமானபோது ஆஸ்கர் விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட இரண்டாவது கறுப்பின நடிகர் அவர். முதலாமவர் சிட்னி பாய்ட்டியர்.

சிறுவர்களுக்கான "செசமி ஸ்ட்ரீட்" தொலைக்காட்சி நிகழ்ச்சி 1969இல் தொடங்கியபோது, ஜேம்ஸ் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டார். விளைவு என்ன தெரியுமா? பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் முதலில் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். மறுபடி பார்த்தபோது, அவர் சொல்வதற்கு முன்பே தாங்கள் முந்திக்கொண்டு கத்தினார்கள்! இதற்குக் கல்வியாளர்கள் "ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் விளைவு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முகமூடிக்குள் ஒரு குரல்

1977இல் "ஸ்டார் வார்ஸ்" வந்தது. டார்த் வேடர் உடைக்குள் இருந்து நடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் பிரவுஸ். அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் ஆழமான குரல் வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் நினைத்தார். ஜேம்ஸை அழைத்தார். சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. கிடைத்த சம்பளம் 7,000 டாலர். டார்த் வேடர் விடும் "புஸ்... புஸ்..." என்ற மூச்சு ஜேம்ஸுடையது அல்ல. கடலில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவியில் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் மூச்சுவிட்டுப் பதிவு செய்தது அது.

தாம் குரல் மட்டும்தானே கொடுத்தோம் என்று நினைத்த ஜேம்ஸ், முதல் இரண்டு படங்களிலும் தமது பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1983இல் வந்த மூன்றாவது படத்தில்தான் அவர் பெயர் திரையில் வந்தது.

1994இல் "தி லயன் கிங்". 25 ஆண்டுகள் கழித்து, 2019இல் அதே கதை மறுபடி எடுக்கப்பட்டபோது மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் புதிய குரல்கள். முஃபாஸாவுக்கு மட்டும் அதே பழைய குரல்! அப்போது அவருக்கு வயது 88.

1993இல் தமது வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்புக்கு "குரல்களும் மௌனங்களும்" என்று பொருள். 2011இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது.

கார்ட் அரங்கத்தை நினைவில் வைத்திருக்கிறீர்களா? 1958இல் "மி... மி..." என்று அவர் தடுமாறிய அதே அரங்கத்துக்கு 2022ஆம் ஆண்டு "ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அரங்கம்" என்று பெயர் சூட்டினார்கள்! 2024 செப்டம்பர் 9ஆம் நாள், தமது 93ஆவது வயதில் அவர் மறைந்தார்.

உங்கள் வகுப்பிலும் ஒரு ஜேம்ஸ்

குழந்தைகளே, இந்தக் கதையை நான் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியராக இருந்த காலத்தில் நான் பலமுறை கண்டது இது. திக்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்டால், பதில் நன்றாகத் தெரிந்திருந்தும் "தெரியாது" என்று தலையசைத்து விடுவான். பதிலைச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட, தெரியாதவன் என்று பெயர் வாங்குவது அவனுக்குச் சுலபம். எவ்வளவு பெரிய கொடுமை பாருங்கள்!

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு தோழனோ தோழியோ இருக்கலாம். அவர்களுக்காக நீங்கள் செய்ய வேண்டியவை சில:

* அவர்கள் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

* அவர்கள் சொல்ல வந்த சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

* "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்துவிடு" என்று அறிவுரை சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், போதும்.

* பேசிக் காட்டிக் கேலி செய்யாதீர்கள். யாராவது செய்தால் தடுங்கள்.

திக்குவது உங்களுக்கேயென்றால், வெட்கப்படாமல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி தருவதற்கென்றே படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தினமும் ஒரு பாடலைச் சந்தத்தோடு உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 22, திக்குதல் பற்றிய உலக விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளில் உங்கள் வகுப்பில் ஜேம்ஸின் கதையை எல்லோருக்கும் சொல்லலாமே! சொல்லும்போது திக்கினாலும் பரவாயில்லை. முழுவதும் சொல்லி முடியுங்கள்.