கோழிக் கூடையில் காடை முட்டை

கோழி இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. காடை வளர்க்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். வயல்வெளியில் திரியும் காட்டுக் காடையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. இது 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் அப்பா ஆறு காடை முட்டைகளை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிராம். மேலே மைதெளித்தாற்போன்ற புள்ளிகள். வளர்ப்புக் காடை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகவே பொரிக்கும் கருவி வேண்டும்; இல்லையேல் கோழியிடம்தான் கொடுக்க வேண்டும். அப்பத்தாவின் பெருவிடைக் கோழி அன்றுதான் ஒன்பது முட்டைகளுடன் அடையில் அமர்ந்தது. அக்காள் தங்கையர் நாங்கள் இருவரும் அப்பத்தாவைக் கேட்காமலே அந்த ஆறையும் அதன் கீழ் வைத்துவிட்டோம்.

கோழி முட்டை பொரிய 21 நாட்கள். காடை முட்டைக்கு 17 அல்லது 18 நாட்களே போதும். நாங்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை. காடை முட்டையின் ஓடு மெல்லியது. கனமான கோழியின் காலடியில் இரண்டு உடைந்தன. பதினேழாம் நாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மறுநாள் கோழி அவற்றை அழைத்துக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிட்டது! மாலையில் பார்த்தபோது கோழி முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, கோழியை மீண்டும் அமர்த்தினோம். ஆயினும் ஒன்பதில் இரண்டே பொரிந்தன. குஞ்சுகளை வளர்த்து விற்றுத்தான் அப்பத்தா தம் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வார். அவர் எங்களைத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

காடைக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வைத்தோம். முதல் வாரம் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சூடு மிகுந்தால் விலகி ஓடும். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி ஊனமாகும் என்பதால் சாக்கு விரித்தோம். தண்ணீர்த் தட்டை மட்டும் யோசிக்காமல் வைத்தோம். ஒரு குஞ்சு அதில் மூழ்கி இறந்தது. பின்பு தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, இடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி செய்தோம். கோழிக் குஞ்சைவிடக் காடைக் குஞ்சுக்குப் புரதம் அதிகம் வேண்டும். தீவனத்தை ரவைபோல் நொறுக்கியும் கொடுக்க வேண்டும்.

வளர்ந்தபின் கோழிகளோடு விடலாமா என்று கால்நடை மருத்துவரைக் கேட்டோம். கூடவே கூடாது என்றார். கோழி கொத்திவிடும் என்பது ஒன்று. கோழி நோயின்றித் திரிந்தாலும் அதன் எச்சத்திலுள்ள கிருமி காடையைக் கொல்லக்கூடும் என்பது மற்றொன்று. எனவே தனிக் கூண்டு. காலையில் முதலில் காடைக்குத் தீவனமிட்டுவிட்டே கோழிப்பக்கம் போகிறோம். கோழி மாலையில் தானே வீடு திரும்பும். காடை பறந்தால் போனதுதான். திடுக்கிட்டால் செங்குத்தாக எழும்பி மண்டையை இடித்துக்கொள்ளும் என்பதால் கூண்டின் மேற்புறம் சாக்கு கட்டியுள்ளோம்.

மூன்றாம் வாரத்தில் மார்பைப் பார்த்தே இனம் தெரிந்தது. செம்பழுப்பு நிறமானது சேவல்; புள்ளி உள்ளது பெட்டை. அதிர்ஷ்டவசமாக எங்களிடம் இரண்டும் இருந்தன! ஏழாம் வாரத்தில் பெட்டை முட்டையிட்டது.

இப்போது அப்பத்தாவின் சிறுவிடைக் கோழி ஒன்று அடைக்கு வந்திருக்கிறது; உடல் லேசானது. ஒரு வாரத்திற்குள் இட்ட ஐந்து காடை முட்டைகளைக் கழுவாமல், கூர்முனை கீழாக எடுத்து வைத்துள்ளோம். இம்முறை அப்பத்தாவைக் கேட்டோம். தனிக் கூடை தந்தார். ஆனால் தம் கோழி முட்டை ஒன்றைக்கூட அதில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை.