கேட்டுச் சுவைப்போம், பார்த்துச் செலுத்துவோம்

பெங்களூருவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரைப் பிள்ளைகள் ஒரு நாளாவது வெளியில் உணவருந்த அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அந்த இடம், 1924ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் போன்ற பழகிய சிற்றுண்டிச் சாலையாக இருக்கலாம். இந்திராநகரின் உட்தெரு ஒன்றில், மங்கலான விளக்கொளியில் அமைந்த உயர்தர ஸ்பானிய உணவகமாகவும் இருக்கலாம். முதல் இடத்தில் நமக்கு எதையும் விளக்கத் தேவையில்லை. இரண்டாவது இடத்தில், உணவுப் பட்டியலைக் கையில் எடுத்ததுமே தயக்கம் தொடங்கிவிடுகிறது. பெயர் புரிவதில்லை, அளவு தெரிவதில்லை, கேட்டால் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று வாய் மூடிக்கொள்கிறோம். இறுதியில் அரை வயிற்றோடு, எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அறியாமலேயே எழுந்து வருகிறோம்.

இந்தத் தயக்கம் தேவையற்றது. உணவைச் சொல்வதற்கு முன் ஒரு முறை, பணம் செலுத்துவதற்கு முன் ஒரு முறை என இரு முறை கேட்டுத் தெளிந்தால் போதும். எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

சிறிய தட்டுகள், பொதுவான பந்தி

ஸ்பானிய உணவகத்தில் முதலில் கண்ணில் படுவது 'தபாஸ்' என்னும் பகுதி. 'தபா' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மூடி என்று பொருள். பானக் கோப்பையின் மீது மூடிபோல் வைத்துக் கொடுத்த ரொட்டித் துண்டிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இவை சிறு தட்டுகளில் வருபவை. மேசை நடுவே வைத்து அனைவரும் பகிர்ந்து உண்பதற்கானவை. நம் தலைவாழை இலையிலும் பலவகைப் பதார்த்தங்கள் சிறிது சிறிதாகவே இடம்பெறுகின்றன. ஆனால் இங்கு ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. ஆகவே நால்வர் சென்றால் முதலில் நான்கு தட்டுகள் மட்டும் சொல்லி, அளவைப் பார்த்தபின் மேலும் கேட்பது வயிற்றுக்கும் பணப்பைக்கும் நல்லது.

அடுத்து 'பயேயா'. வலென்சியா பகுதியைச் சேர்ந்த இச்சோறு, அகன்ற ஆழமற்ற வாணலியில், குங்குமப்பூ சேர்த்துக் கிளறாமல் சமைக்கப்படுவது. நம் வீட்டில் அடிப்பிடித்த சோறு குறை. அங்கோ அடியில் முறுகிய பகுதியே சிறப்பு. சொன்ன பிறகே சமைக்கத் தொடங்கும் இடங்களில் அரை மணி நேரம்கூட ஆகலாம். பெரும்பாலும் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உண்ணும் அளவிலேயே தருவார்கள். பட்டியலிலுள்ள விலை ஒருவருக்கா, முழு வாணலிக்கா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

இந்த உணவு நமக்கு அத்தனை அந்நியமானதும் அன்று. அரிசியும் குங்குமப்பூவும் ஸ்பெயின் நாட்டில் பரவியது அரேபியர் ஆட்சியில். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து ஸ்பெயினுக்கு வந்தன. அதே கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாகவே நம் ரசத்துக்கும் வந்து சேர்ந்தன.

சைவ உணவினர் கவனத்துக்கு

'தொர்த்தியா' என்றதும் மெக்சிகோ நாட்டு ரொட்டியை எண்ணிவிடக் கூடாது; ஸ்பெயினில் அது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனமான அடை. காய்கறிப் பயேயா என்று எழுதியிருந்தாலும் மீன் அல்லது கோழி வேகவைத்த சாற்றில் சமைத்திருக்கக் கூடும். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றும் பூண்டுச் சாந்தில் முட்டை சேர்ப்பது உண்டு. எனவே, "இது சைவமா?" என்று கேட்பதைவிட, "முட்டையோ, மீன் அல்லது இறைச்சிச் சாறோ சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பதே தெளிவான விடை தரும். தக்காளி தேய்த்த ரொட்டியும், 'காஸ்பாச்சோ' என்னும் குளிர்ந்த தக்காளி சூப்பும் பொதுவாகச் சைவ உணவினருக்கு ஏற்றவை. சூப் ஆறிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அது அப்படித்தான் பரிமாறப்படும்.

பில்லை வாசிக்கும் முறை

உணவுப் பட்டியலின் அடியில் 'வரிகள் தனி' என்ற வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். தனித்து இயங்கும் உணவகங்களில் பொதுவாக உணவுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் தங்கும் விடுதிக்குள் உணவகம் இருந்தால் 18 விழுக்காடு. மதுபானங்கள் ஜி.எஸ்.டி.க்குள் வருவதில்லை, அவை மாநில வரிக்கு உட்பட்டவை.

வரியும் சேவைக் கட்டணமும் ஒன்றல்ல. வரி அரசுக்குச் செல்வது. சேவைக் கட்டணம் உணவகம் வாங்கிக்கொள்வது. உணவகங்கள் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவற்றை உறுதிசெய்தது; அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உணவின் விலை 4,000 ரூபாய் என்றால், 5 விழுக்காடு வரி 200 சேர்ந்து 4,200 ரூபாய் ஆகிறது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்தால் 400 ரூபாய் கூடி, வரியும் 4,400க்குக் கணக்கிடப்பட்டு, 4,620 ரூபாயாகிறது. வேறுபாடு 420 ரூபாய். அதை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பரிமாறியவரின் கனிவு மனத்தைத் தொட்டால், விரும்பிய தொகையை அவர் கையிலேயே கொடுக்கலாம். அது நம் விருப்பம்.

பணம் செலுத்தும்போது

அட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டாம்; இயந்திரத்தை மேசைக்கே கொண்டுவரச் சொல்லலாம். தொடுதல் முறையில் 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலேயே பணம் கழியும் என்பதால், திரையில் தெரியும் தொகையைப் பார்த்த பின்னரே அட்டையைக் காட்ட வேண்டும். யு.பி.ஐ. வழியாகச் செலுத்துவோர், க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்ததும் தோன்றும் பெயரை உணவகத்தாரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயணத்துக்கு முன் வங்கிச் செயலியில் அட்டையின் உச்சவரம்பைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதும் பாதுகாப்பு. நாம் செய்யாத பரிவர்த்தனை எதுவும் தெரிந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைகள் நம்மை அத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்வது, தாம் கண்ட உலகை நமக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையால்தான். "இது என்னப்பா, எப்படிச் சாப்பிடுவது?" என்று நாம் கேட்பதால் அவர்கள் கூச்சப்படுவதில்லை, ஆர்வத்தோடு சொல்லித் தருவார்கள். நம் வீட்டுக்கு வரும் விருந்தினர் கூட்டையும் பொரியலையும் பற்றிக் கேட்டால் நாம் மகிழ்வதில்லையா? ஆகவே தயங்காமல் கேட்போம்.