பீர் கேம்: ஒரு ஆன்லைன் விளையாட்டு உங்க கிரெடிட் கார்டு பத்தி சொல்ற பாடம்

ஒரு சின்ன கேள்வி. உங்க கடையில ஸ்டாக் தீர்ந்துபோச்சு. போன வாரம் போட்ட ஆர்டர் இன்னும் வரலை. இந்த வாரம் எவ்வளவு ஆர்டர் போடுவீங்க?

"கொஞ்சம் அதிகமாவே போடுவேன்"னுதான் நம்மள்ல பெரும்பாலானவங்க சொல்வோம். அந்தப் பதில் எவ்வளவு செலவு வைக்கும்னு காட்டுறதுக்காகவே ஒரு விளையாட்டு இருக்கு. பேரு பீர் கேம். அமெரிக்காவுல எம்ஐடி ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில, ஜே ஃபாரஸ்டர் தலைமையிலான குழு 1960 வாக்குல உருவாக்கினது. அப்போ அட்டைப் பலகையும் காய்களும் வச்சு ஆடினாங்க. இப்போ உலகம் முழுக்க எம்பிஏ வகுப்புகள்ல ஆன்லைன்ல ஆடுறாங்க.

விளையாட்டு எப்படி?

நாலு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு முடிவுதான்: மேல இருக்கிறவருக்கு எத்தனை பெட்டி ஆர்டர்? ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு கேக்குறாருன்னு கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஆர்டர் போய்ச்சேர 2 வாரம், சரக்கு வந்துசேர 2 வாரம். கையில தேங்குற பெட்டி ஒவ்வொண்ணுக்கும் வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாம பாக்கி நிக்கிற பெட்டிக்கு ஒரு டாலர்.

நீங்கதான் கடைக்காரர்னு வைங்க. கையில 12 பெட்டி. முதல் 4 வாரம் வாடிக்கையாளர் 4 பெட்டி கேக்குறாரு, உங்களுக்கும் வாரம் 4 பெட்டி வருது. 5வது வாரம் அவர் 8 கேக்குறாரு. ஸ்டாக் 8 ஆகுது. அடுத்த வாரம் 4. அதுக்கடுத்து பூஜ்யம். 8வது வாரம் 4 பெட்டி பாக்கி. 5வது வாரம் நீங்க போட்ட கூடுதல் ஆர்டர் 9வது வாரம்தான் வரும். ஆனா பதற்றம் அதுவரைக்கும் காத்திருக்குமா? 12, 16, 24னு ஆர்டர் ஏறும்.

மொத்த வியாபாரி அதைப் பார்த்து "டிமாண்ட் பிச்சுக்கிட்டு போகுது"ன்னு இன்னும் அதிகமா போடுவாரு. தொழிற்சாலைக்கு வர்றப்போ அது பூதமா வளர்ந்திருக்கும். அப்புறம் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்துல வந்து குவியும். எல்லாரும் ஆர்டரைப் பூஜ்யம் ஆக்குவாங்க. இதுக்குப் பேரு புல்விப் எஃபெக்ட், அதாவது சாட்டை விளைவு: கைப்பிடியில சின்ன அசைவு, நுனியில பெரிய வீச்சு.

கடைசியில ஆசிரியர் உண்மையை உடைப்பாரு: வாடிக்கையாளர் 5வது வாரம் 4லருந்து 8க்குப் போனாரு, அதுக்கப்புறம் மாறவே இல்ல! அலையை உண்டாக்கினது விளையாடினவங்களேதான்.

நான் முதல் தடவை ஆடினப்போ மொத்த வியாபாரி. கம்பெனிகளோட இன்வென்டரியை ஆடிட் பண்றது என் தொழில்ல ஒரு பங்கு. அப்படியும் விநியோகஸ்தரை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஆர்டரை ஏத்திட்டுதான் இருந்தேன்.

தப்பு எங்க நடக்குது?

எம்ஐடி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989ல வெளியிட்ட ஆய்வுல, அணிகளோட சராசரிச் செலவு ஆகியிருக்க வேண்டிய செலவைப்போல சுமார் 10 மடங்கு. முக்கியக் காரணம்: ஏற்கெனவே போட்டு, வழியில வந்துக்கிட்டிருக்கிற ஆர்டரை ஆடுறவங்க சரியா கணக்குல எடுத்துக்கிறதில்ல. கையில இருக்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.

இதை போர்டுல எழுதிப்போட்டா "ஆமா சார்"னு தலையாட்டிட்டு மறந்துடுவோம். நாமளே ஆர்டர் போட்டு நஷ்டப்பட்டா மறக்காது. ஆன்லைன்ல கணக்கை கம்ப்யூட்டரே போட்டுடும். ஆட்டம் முடிஞ்சதும் நாலு பேர் கிராஃபும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். வாடிக்கையாளர் டிமாண்டை எல்லாருக்கும் காட்டிட்டு மறுபடி ஆடவச்சா, தகவலோட மதிப்பு என்னன்னும் புரியும்.

நிஜத்துலயும் நடந்திருக்கா?

2001ல சிஸ்கோ சுமார் 225 கோடி டாலர் இன்வென்டரியை நஷ்டமா எழுதித் தள்ளுச்சு. டிமாண்ட் சூடா இருந்த நேரத்துல வந்த ஆர்டர்களை நம்பி பாகங்களை வாங்கிக் குவிச்சிருந்தாங்க; டிமாண்ட் சரிஞ்சதும் மாட்டிக்கிட்டாங்க. 2022ல டார்கெட் கடைகள்லயும் தேவைக்கு மேல சரக்கு. தள்ளுபடியில தள்ளிவிட்டதுல ஒரு காலாண்டு லாபம் முந்தைய வருஷத்தைவிட சுமார் 90% விழுந்துச்சு.

நீங்க ஷேர் வாங்குறவரா இருந்தா ஒண்ணு கவனிங்க. இன்வென்டரியை விற்ற சரக்கின் அடக்கவிலையால வகுத்து 365ஆல பெருக்குங்க. ஒரு கம்பெனியோட வருஷ அடக்கவிலை 365 கோடி, இன்வென்டரி 60 கோடின்னா, 60 நாள் சரக்கு கையில இருக்கு. அடுத்த வருஷம் விற்பனை அப்படியே இருந்து இன்வென்டரி 90 கோடி ஆனா, 30 கோடி பணம் குடோன்ல தூங்குது. லாபக் கணக்குல இது உடனே தெரியாது. ஏன் ஏறுச்சுன்னு கேளுங்க.

இப்போ உங்க பர்ஸ்

சம்பளம் 50,000. இன்னைக்கு 10ஆம் தேதி, பேங்க்ல 30,000 இருக்கு. "நல்லா இருக்கே"ன்னு 15,000 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கத் தோணுது.

நிறுத்துங்க. வழியில என்னென்ன வந்துக்கிட்டிருக்கு? கார்டுல தேய்ச்சு இன்னும் கட்டாத தொகை 14,000. போன், லேப்டாப் இஎம்ஐ 9,000. ரெண்டையும் கழிச்சா மிச்சம் 7,000. அடுத்த சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாடும் பெட்ரோலும் இதுக்குள்ளதான்.

கார்டு பில் சைக்கிளைப் பொறுத்து, இன்னைக்கு தேய்ச்சதைக் கட்ட 50 நாள் வரைக்கும் ஆகலாம். பீர் கேம்ல சரக்கு தாமதமா வருது. இங்க பில் தாமதமா வருது. ரெண்டுலயும் நாம கையில இருக்கிறதை மட்டும் பார்த்துட்டு, வழியில இருக்கிறதை மறந்துடுறோம்.

அதனால இந்த மாசத்துலருந்து ஒரு பழக்கம். எதையும் இஎம்ஐல போடுறதுக்கு முன்னாடி போன் நோட்ஸ்ல மூணு வரி எழுதுங்க: பேங்க் இருப்பு, கட்டாத கார்டு தொகை, அடுத்த சம்பளத்துக்குள்ள போகப்போற இஎம்ஐ. முதல்லருந்து மத்த ரெண்டையும் கழிங்க. வர்ற நம்பர்தான் உங்க உண்மையான இருப்பு.

வார இறுதியில மூணு நண்பர்களோட பீர் கேம் ஒரு தடவை ஆடிப்பாருங்க. இலவச ஆன்லைன் பதிப்புகள் இருக்கு. யார் அதிகமா பதறுனாங்கன்னு கிராஃபே காட்டிக்கொடுத்துடும். அடுத்த வீடியோவுல சந்திப்போம்.