துபாய் வேலைக்கு முதல்முறை போகிறவர் போட வேண்டிய கணக்கு

முதன்முறையாக வளைகுடா வேலைக்குக் கிளம்பும் ஒருவரிடம் “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். லட்சக் கணக்கில் ஒரு தொகையைச் சொல்வார். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் விழிப்பார். ரசீது இருக்காது. “ஊர்க்காரர்தான், நம்பிக் கொடுத்தோம்” என்பார். வெளிநாட்டில் அவர் படப்போகும் பாடு பெரும்பாலும் இங்கேயே, கையெழுத்து இல்லாமல் கைமாறிய அந்தப் பணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சட்டப்படி ஆகும் செலவை முதலில் பார்ப்போம். சாதாரண முறையில் எடுக்கும் 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. காவல்துறை நற்சான்று கேட்டால் 500. குடிபெயர்வு அனுமதிக்கு 200. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு 2 ஆண்டுக்கு 275 ரூபாய், வரி தனி. மருத்துவப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வேலை வாங்கித் தரும் முகவர் எவ்வளவு வாங்கலாம்? அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. இதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் விதிமீறல். வாங்கும் பணத்துக்கு ரசீது தர வேண்டியது முகவரின் கடமை.

“விசா காசு” என்று தனியாகக் கேட்பார்களே, அது? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று முதலாளியைத் தடுக்கிறது. ஆக விசா காசு என்ற பெயரில் நீங்கள் கொடுப்பது, முதலாளி கட்ட வேண்டிய செலவு அல்லது இடைத்தரகரின் லாபம்.

இந்தக் கூடுதல் பணம் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டும். அங்கே சம்பளம் 1,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். மெஸ் சாப்பாட்டுக்கு 350, போனுக்கு 50, ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணம் 25, சோப்பு, முடிவெட்டு, டீ என்று 75. மிச்சம் 500 திர்ஹாம். ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் 50 காசு என்றால் 11,750 ரூபாய். வட்டி போக வீட்டுக்கு நிற்பது 7,250. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இந்த நிலையில் இருப்பவர், சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு என்று தெரிந்த பிறகும் “எனக்கு இது வேண்டாம், ஊருக்குப் போகிறேன்” என்று சொல்ல முடியாமல் போகிறார். கடன்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் பெட்டி கட்டுவதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போடச் சொல்கிறேன்.

முகவர் உண்மையானவரா என்று பார்ப்பது இன்று கடினமில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. உரிமம் இல்லாதவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அலுவலகப் பலகையில் உள்ள பெயரும் உரிம எண்ணும் பட்டியலோடு பொருந்துகிறதா, உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் ஆள் பிடித்துத் தரும் சப்-ஏஜென்ட் உங்கள் சித்தப்பாவின் மச்சானாகவே இருக்கட்டும், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சொந்தக்காரரிடம் எப்படி ரசீது கேட்பது என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் உண்மையாகவே நடந்துகொள்பவர் ரசீது கேட்டால் கோபப்பட மாட்டார். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. முகவரைத் தேடுவதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். என்று குறித்திருப்பார்கள். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வுப் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும்; சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. வேலை ஒப்பந்தமும் காப்பீடும் இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். அந்தக் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் உண்டு. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். இதை “தொல்லை” என்று நினைத்துக் குறுக்கு வழி தேடுகிறவர்கள், தங்களுக்கென்று இருக்கும் ஒரே பாதுகாப்பைத் தாங்களே கழற்றிப் போடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே அவர்களுடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை, காப்பீடும் தானாக வருவதில்லை. வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் படித்திருக்கிறோம் என்ற தைரியம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. இவர்கள் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகிக்கொள்வதும், விபத்துக் காப்பீடு ஒன்றைத் தாங்களாகவே எடுத்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்தது வேலைக் கடிதம். அமீரகத்துக்குப் போகும் தொழிலாளிக்கு வேலைக் கடிதம் அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். அந்த அரசு ஏற்றுக்கொண்டுள்ள மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே தமிழில் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அங்கே போய்ப் போடும் ஒப்பந்தம் இந்தக் கடிதத்தில் சொன்னதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

கடிதத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிப்படைச் சம்பளம் என்ன என்று பாருங்கள். ஓவர்டைமும் பணிக்கொடையும் அதை வைத்துத்தான். 1,200 திர்ஹாம் என்று சொல்லிவிட்டு அடிப்படை 700, மீதி படி என்று போட்டிருந்தால், ஓராண்டுப் பணிக்கொடை 21 நாள் அடிப்படைச் சம்பளமான 490 திர்ஹாம்தான். ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் ஆண்டுக்கு 30 நாள். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 மணி முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்த எண்கள் அவர்களுக்குப் பொருந்தாது.

“இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கலாம்” என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அமீரகத்தில் குற்றம். பிடிபட்டால் சிக்குவது அனுப்பியவர் அல்ல, நீங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி வேலை வாங்கியது பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. ஏமாந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு, கணினி படித்தவர்களும் உண்டு. இருக்கும் அனுபவத்துக்குப் பொருந்தாத சம்பளம், வாட்ஸ்அப்பிலேயே நேர்காணல், சுற்றுலா விசா. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் போகவே வேண்டாம்.

பெட்டியில் அம்மா வைக்கும் மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பாருங்கள். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு என்று கொண்டுபோனாலும் போதைப்பொருள் சட்டத்தில் சிக்க நேரலாம். வெற்றிலையும் பாக்கு வகைகளும் வேண்டாம். கோடீன், டிரமடால் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரைகளுக்கு முன்அனுமதி வேண்டும். எந்த மருந்தானாலும் மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். “அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்” என்று விமான நிலையத்தில் யாராவது பார்சல் நீட்டினால் வாங்கவே கூடாது, ஏஜென்டே கொடுத்தாலும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கும் போனுக்கும் 500 திர்ஹாமாவது கையில் இருக்கட்டும். வீட்டில் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வையுங்கள், இதை மறந்துவிட்டுப் போகிறவர்கள், போன முதல் மாதமே “பணம் எப்போ வரும்?” என்ற கேள்வியில் நொந்துபோகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, செய்தி அனுப்பலாம். பேசுவதற்கு போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை வீட்டார் போனிலும் முன்பே ஏற்றிப் பழக்கிவிட்டால், மூன்று நாள் பேச முடியாமல் வீடே கலங்குவதைத் தவிர்க்கலாம். பணத்தை வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாகவே அனுப்புங்கள். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பினால் பத்து ரூபாய் கூடக் கிடைக்கலாம், பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை.

பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம், ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒரு செட் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்வதை அமீரகச் சட்டமும் ஏற்பதில்லை.

சம்பளம் வரவில்லை என்றால் கோபத்தில் கேம்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள். ஏழு நாள் தொடர்ந்து வரவில்லை என்று முதலாளி புகார் கொடுத்தால் வேலை அனுமதி ரத்தாகி, பாதிக்கப்பட்ட நீங்களே குற்றம் செய்தவர் ஆகிவிடுவீர்கள். முதலில் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084 எண்ணில் புகார் சொல்லுங்கள். 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத தகராறில் அமைச்சகமே முடிவு சொல்லலாம். துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 800 46342. ஊரிலிருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். 1800 11 3090 என்ற வெளியுறவு அமைச்சக எண்ணிலும், அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 எண்ணிலும் பேசலாம். வழியில்லாமல் நிற்பவருக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், ஊர் திரும்ப டிக்கெட் ஆகியவற்றுக்கு இந்தியத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. அதைக் கேட்பது யாசகம் ஆகாது.

ஊர் திரும்பும் நேரத்தில் “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளை நீட்டுவார்கள். பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். வேலை முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டு வரை அந்தப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட அமீரகச் சட்டம் இடம் தருகிறது.