வாகன விரியலாக்கியின் நயத்தைச் சரிசெய்தல்

மாணவர்களே, இராகலையிலிருந்து கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் வான்களிலும் பஸ்களிலும் பாட்டு உரத்து ஒலிக்கும்போது சொற்கள் கரகரத்துத் தெளிவற்றுப் போவதைக் கேட்டிருப்பீர்கள். "ஸ்பீக்கர் சரியில்லை" என்று பலரும் முடிவு செய்வர். ஆனால் பல வேளைகளில் குறை விரியலாக்கியின் நயத்தில்தான் இருக்கும். நீங்கள் படித்த மின்வலுச் சமன்பாட்டைக் கொண்டே இதனைச் சரிசெய்யலாம்.

1. நயம் என்றால் என்ன?

நயம் = பயப்பு வோல்ற்றளவு ÷ பெய்ப்பு வோல்ற்றளவு

செட்டிலிருந்து 2 வோல்ற்று சைகை வந்து 20 வோல்ற்றாக வெளியேறினால் நயம் 10 ஆகும். வேறொரு செட் 4 வோல்ற்று தருமாயின், அதே 20 வோல்ற்றைப் பெற நயம் 5 போதும். எனவே நயத் திருகு, செட்டையும் விரியலாக்கியையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கே உள்ளது. அது சத்தத்தைக் கூட்டும் திருகு அன்று.

2. நயம் கூடினால் நிகழ்வது என்ன?

விரியலாக்கி தனது மின்வழங்கல் அனுமதிக்கும் எல்லைக்கு மேல் வோல்ற்றளவைத் தர முடியாது. நயம் மிகும்போது அலையின் மேல் முடியும் கீழ் முடியும் வெட்டுண்டு, சைன் அலை சதுர அலையை ஒத்ததாக மாறும். இதுவே கரகரப்புக்குக் காரணம். ஒரே உச்சப் பெறுமானமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலை இரு மடங்கு வலுவைக் கொண்டது. எனவே 100 வாற்றுக்குரிய ஸ்பீக்கருக்கு 200 வாற்று வரை செல்லக்கூடும். அதன் கம்பிச் சுருள் சூடேறிக் கருகும்.

3. கணிப்பு

வலு = வோல்ற்றளவின் வர்க்கம் ÷ தடை

100 வாற்று, 4 ஓம் ஆயின்:
வோல்ற்றளவின் வர்க்கம் = 100 × 4 = 400
வோல்ற்றளவு = 20 வோல்ற்று

விரியலாக்கி, ஸ்பீக்கர் ஆகிய இரண்டின் வலுக்களில் குறைந்ததையே கணிப்புக்கு எடுக்க வேண்டும்.

4. செய்முறை

(அ) நயத் திருகை மிகக் குறைந்த நிலையில் வைக்க. பேஸ், ட்ரெபிள் திருகுகளை நடுநிலையில் வைக்க. பேஸ் பூஸ்டை நிறுத்துக.
(ஆ) ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுக.
(இ) செட்டின் சத்தத்தை உச்சத்தின் முக்காற் பங்கில் வைத்து, 1000 ஹேட்ஸ் சைன் ஒலியை இசைக்க. சப்வூஃபர் எனின் 50 ஹேட்ஸ் போதும்.
(ஈ) பல்மானியை ஆடலோட்ட வோல்ற்றளவுக்கு மாற்றி, விரியலாக்கியின் பயப்பு முனைகளில் தொடுக்க.
(உ) கணித்த பெறுமானம் வரும் வரை நயத் திருகை மெதுவாகத் திருப்புக.
(ஊ) செட்டை நிறுத்தி, ஸ்பீக்கர்களை மீண்டும் இணைக்க. இதன் பின் நயத் திருகைத் தொடலாகாது.

5. கவனத்திற் கொள்க

பெட்டியில் அச்சிடப்பட்ட பெரிய எண்ணை நம்பிக் கணிக்கலாகாது. "1000 வாற்று" எனக் குறித்த விரியலாக்கியில் 20 அம்பியர் உருகி மட்டும் இருந்தால், 12 வோல்ற்று பற்றரியிலிருந்து அது தொடர்ந்து பெறக்கூடிய வலு 12 × 20 = 240 வாற்று மாத்திரமே. பெற்றதைவிட அதிகமாகத் தொடர்ந்து வழங்க எந்தக் கருவியாலும் முடியாது. ஆகவே தொடர் வலுவையே எடுக்க வேண்டும். மேலும், சாதாரண பல்மானி அலை வெட்டுண்டதைக் காட்டாது. அதனைக் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியிலேயே காணலாம்.

நயம் சரியாக இருந்தாலும் சத்தத்துக்கு அளவு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபெல் எனின் 4 மணித்தியாலம் மட்டுமே. கெட்ட செவியின் நுண்மயிர்க் கலங்கள் மீண்டும் வளரா. அத்துடன், மலைப்பாதை வளைவில் எதிரே வரும் வாகனத்தின் ஹோர்ன் சாரதிக்குக் கேட்டாக வேண்டும்.

மாதிரி வினா

64 வாற்று, 4 ஓம் ஸ்பீக்கருக்குரிய பயப்பு வோல்ற்றளவு யாது? பெய்ப்பு 2 வோல்ற்று எனின் நயம் யாது?

விடை: 64 × 4 = 256; வோல்ற்றளவு 16 வோல்ற்று; நயம் 16 ÷ 2 = 8. (நயத்துக்கு அலகு இல்லை. அலகு எழுதினால் புள்ளி குறையும்.)