கொள்ளைநோய் உருவாக்கிய நகர்ப்பகுதி: பிரேசர் டவுனும் மரபுச் சின்னப் பாதுகாப்பும்

வரலாற்றுச் சின்னங்கள் என்றவுடன் கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகள் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. மன்னர்கள் எழுப்பியவை நிலைத்து நிற்கின்றன. அவற்றைக் காப்பது அரசின் கடமை என்பதையும் மக்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆனால், சாதாரண மக்கள் வாழ்ந்த வீடுகளும் தெருக்களும் வரலாற்றுச் சின்னங்களாகுமா? ஆகுமெனில், அவற்றை எந்தச் சட்டத்தின் கீழ்க் காப்பது? பெங்களூரில் உள்ள பிரேசர் டவுன் இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சட்டத்தின் அமைப்பு

நினைவுச் சின்னங்களைப் பற்றிய பொறுப்பை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பகிர்ந்தளித்துள்ளது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை எனப் பாராளுமன்றத்தால் அறிவிக்கப்படுபவை மத்திய அரசைச் சார்ந்தவை. ஏனைய பழஞ்சின்னங்கள் மாநிலங்களைச் சார்ந்தவை. தேசிய முக்கியத்துவமுடைய சின்னங்களை அழிவினின்றும் சிதைவினின்றும் காப்பது அரசின் கடமை என 49ஆம் பிரிவு கூறுகின்றது. நமது பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்பது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது.

மத்தியச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. இதன்படி, குறைந்தது நூறாண்டுகள் நிலைத்திருக்கும் கட்டடமே பழஞ்சின்னம் எனக் கருதப்படும். ஒரு சின்னத்தை ஏற்க எண்ணும் அரசு, அரசிதழில் இரண்டு மாத அறிவிப்பு வெளியிட வேண்டும். அதன் படி ஒன்றைச் சின்னத்தின் அருகில் மக்கள் பார்வையில் படுமாறு ஒட்ட வேண்டும். அக்காலத்திற்குள் வரும் ஆட்சேபங்களை ஆராய்ந்த பின்னரே இறுதி அறிவிப்பு வெளிவரும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்புதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட இயலும். இவ்வாறு நாடெங்கிலும் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஏனைய சின்னங்களைப் பாதுகாக்கின்றது.

பெங்களூரில் திப்பு சுல்தானின் கோடை மாளிகையும், பழைய கோட்டையின் எஞ்சிய பகுதியும் மத்தியப் பாதுகாப்பில் உள்ளன. பிரேசர் டவுனிலோ அவ்வாறு அறிவிக்கப்பட்ட சின்னம் ஒன்றும் இல்லை. ஆயினும் அப்பகுதிக்குத் தனித்ததொரு வரலாறு உண்டு.

நோயிலிருந்து பிறந்த திட்டம்

1809இல் பெங்களூரில் ஆங்கிலேயப் படைவீடு நிறுவப்பட்டது. படையுடனும் அதற்குப் பண்டங்கள் வழங்கிய வணிகத்துடனும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். இன்று சிவாஜி நகர் என வழங்கும் பிளாக்பள்ளிப் பகுதியில் வீடுகள் நெருங்கிப் பெருகின, தெருக்கள் குறுகின, காற்றும் வெளிச்சமும் அரிதாயின. 1881இல் மைசூர் அரசு மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், இப்பகுதி ஆங்கிலேயப் பிரதிநிதியின் ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் அது மைசூருடன் இணைந்தது.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898இல் பெங்களூரை அடைந்தது. நெருக்கமான குடியிருப்புகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. மக்கள் மனத்தில் அந்த அச்சம் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்குப் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் பெயரால் எழுந்த கோயில்களே சான்றாகும். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் அதே 1898ஆம் ஆண்டில் கராச்சியில் கண்டறிந்தார். தொடக்கத்தில் ஐயுறவுடன் நோக்கப்பட்ட இம்முடிவு, பின்னர் இந்தியாவில் நடந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, 1906 முதல் 1910 வரையிலான ஆண்டுகளில் புதிய குடியிருப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. அப்போது மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக விளங்கிய ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இவர் முன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்தவர். இத்திட்டத்தில் பங்கு கொண்ட ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார்.

இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து எளியது: எலி தங்க இடமில்லையெனில் நோய்க்கும் இடமில்லை. ஆகவே எலி வளை தோண்ட இயலாத உறுதியான தளம், எலி ஒளிய இடந்தராத கூரை, காற்றோட்டமுள்ள அறைகள், வீட்டைச் சுற்றித் திறந்த வெளி, அகலமான நேர்த்தெருக்கள், பின்புறம் துப்புரவுப் பணிக்கான சந்துகள் ஆகியன வலியுறுத்தப்பட்டன. மருத்துவ அறிவு நகரமைப்பாக உருமாறியதற்கு இது ஒரு சிறந்த சான்றாகும். இங்கு இஸ்லாமியர், கிறிஸ்தவர், இந்துக்கள் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்தனர். வணிகப் பெருமகனாரான ஹாஜி சர் இஸ்மாயில் சேட் எழுப்பிய பள்ளிவாசலே மசூதிச் சாலைக்குப் பெயர் தந்தது. பிற்காலத்தில் சாளுக்கிய மன்னனின் நினைவாகப் புலிகேசி நகர் என இப்பகுதிக்குப் பெயரிடப்பட்டது. எனினும் பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துள்ளது.

பாதுகாப்பின் இடைவெளி

நூறாண்டு என்னும் வரம்பைப் பிரேசர் டவுனின் தொடக்ககால வீடுகள் கடந்துவிட்டன. இருப்பினும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் பொருத்தமான கருவியாக இல்லை. அச்சட்டம் தனித்தனிச் சின்னங்களை நோக்கமாகக் கொண்டது. பிரேசர் டவுனின் சிறப்போ ஒரு தனிக் கட்டடத்தில் இல்லை; தெருவின் அகலம், வீட்டின் முன்வெளி, பின்சந்து, மரங்கள் ஆகியன ஒன்றுசேர்ந்த அமைப்பில் உள்ளது. மேலும், மக்கள் வாழும் தெருவொன்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடை விதிப்பின், அங்கு வாழ்வோரின் அன்றாடத் தேவைகளே தடைப்படும்.

உரிமையாளரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய வீடொன்று நான்கு வாரிசுகளுக்கு உரியதாகின்றது. ஓட்டுக் கூரையைப் பழுதுபார்க்கும் செலவு கூடுகின்றது. அதே மனையில் அடுக்குமாடி எழுப்பினால் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி கிடைக்கும். இந்நிலையில் 'மரபைக் காப்பாற்றுக' என்னும் அறிவுரை மட்டும் பயன் தராது. பாதுகாப்பின் நன்மை ஊருக்கு, சுமை மட்டும் ஒரு குடும்பத்திற்கு என்னும் ஏற்பாடு நீதியாகாது; அது நீடிக்கவும் செய்யாது.

பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசியப் பதிவேடு ஒன்று பராமரிக்கப்படுகின்றது. சிற்றூர்களின் பாலங்கள், பள்ளிக்கூடங்கள், பண்ணை வீடுகள் ஆகியனவும் அதில் இடம்பெறுகின்றன. பொதுவாக ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தால் போதுமானது. தனிக் கட்டடம் மட்டுமின்றி ஒரு வட்டாரம் முழுவதையும் பதிவு செய்ய இயலும். பதிவு ஒன்றே உரிமையாளரின் கைகளைக் கட்டிவிடுவதில்லை. ஆனால் அரசுத் திட்டங்களால் அச்சின்னத்திற்கு நேரக்கூடிய பாதிப்பை முன்கூட்டியே ஆராய அது வழிவகுக்கின்றது.

இந்தியாவில் பம்பாய் மாநகர் 1995இல் மரபுக் கட்டட விதிகளைக் கொண்டு வந்தது. கட்டடங்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டன. வட்டாரங்களும் ஏற்பு பெற்றன. தன் மனையில் கட்ட இயலாத பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமையாளருக்கு உரிமை அளிக்கப்பட்டது. கர்நாடகத்திலும் நகர, ஊரமைப்புச் சட்டம் பிற்காலத்தில் திருத்தப்பட்டு, மரபுக் கட்டடம், மரபு வட்டாரம் ஆகியவற்றுக்கு இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது.

செய்யத்தக்கவை

முதற்பணி, முறையான பதிவாகும். எஞ்சியுள்ள வீடுகளை அளந்து, படமெடுத்து, கட்டப்பட்ட காலத்தையும் பொருளையும் குறித்தல் வேண்டும். கட்டடக் கலை பயிலும் மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். இரண்டாவதாக, வட்டாரம் முழுவதற்கும் உயரம், முன்வெளி, பின்சந்து ஆகியவற்றைப் பற்றிய எளிய விதிகள் தேவை. மூன்றாவதாக, காப்போருக்குச் சொத்து வரிச் சலுகையும் பழுதுபார்ப்பதற்கான தொழில்நுட்ப உதவியும் அளித்தல் வேண்டும்.

வீடுகளுக்கிடையே காற்றும் வெளிச்சமும் புக இடம் விட வேண்டும் என்ற பாடத்தைப் பெங்களூர் பெருந்துயரின் வாயிலாகவே கற்றது. 2020இல் உலகைத் தாக்கிய பெருந்தொற்று அப்பாடத்தை மீண்டும் நினைவூட்டியது. பின்சந்துகள் அடைக்கப்பட்டு, முன்வெளிகள் மறையுமாயின், இழக்கப்படுவது அழகு மட்டுமன்று. ஒரு தலைமுறை உயிர்களை ஈந்து பெற்ற அறிவுமாகும். அவ்வறிவைக் காப்பதற்கு ஏற்ற சட்டமும், அதனைச் செயற்படுத்தும் ஊக்கமும் ஒருங்கே அமைதல் வேண்டும்.